மூடியைப் போட்டது நான்தான்

என் வீட்டுக்காரருக்கு எங்கள் சபையில் 'இன்னொருதரம்' என்று பெயர். வைத்தவள் நான்தான், மறைக்க என்ன இருக்கிறது? வீட்டைப் பூட்டித் தெருமுனை வரை வந்த பிறகு, "இரு, இன்னொரு தரம் பாத்துட்டு வந்துடறேன்" என்று திரும்பி ஓடுகிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது? கல்யாணத்தன்று ஆலயப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எல்லோரும் வெளியே வந்தாயிற்று. மாப்பிள்ளையைக் காணோம். போய்ப் பார்த்தால், "என் கையெழுத்து சரியா விழுந்திருக்கா, இன்னொரு தரம் காட்டுங்க" என்று பதிவேட்டைப் புரட்டச் சொல்லிக்கொண்டு நிற்கிறார். "பொண்ணு சரிதானான்னு இன்னொரு தரம் பாக்கப் போகல, அந்த மட்டுக்கும் சந்தோஷப்படு" என்றாள் என் அக்கா.

இருபத்தெட்டு வருடமாக எலக்ட்ரீஷியன். ஒரு வயரை மாட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். அடுத்த வயருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து முதல் வயரை நான்காவது முறை இழுப்பார். வேலை கொடுத்தவர்கள் பல்லைக் கடிப்பார்கள். "உங்களுக்கு ஒரு நாள் வேலைன்னா, மத்தவங்களுக்கு அரை நாள்" என்று முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். ஆனால் அவர் கைவைத்த வீட்டில் இதுவரை ஒரு பொறி பறந்தது கிடையாது. அது தெரிந்தும் கேலி செய்தேன். நாக்கு எனக்கு அப்படி.

சபையிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை நாலு நாள் ஊழியப் பயணம் போவோம். போதகர், நர்ஸ், தையல்காரர், பாட்டுக் குழுவில் நாலு பேர், சமையலுக்கு நான், கரண்ட் வேலைக்கு இவர். இவருக்குப் பேச வராது. முதல் வருடம் போதகர் இவரை எழுப்பி, ஆண்டவர் உங்களுக்குச் செய்ததை நாலு வார்த்தை சாட்சியாகச் சொல்லுங்கள் என்றார். இவர் எழுந்து, "கரண்ட் இல்லாத வீட்டுக்குக் கரண்ட் குடுக்கணும். ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு யாரும் இவரை எழுப்பியதில்லை. ஒரு கிழவர் மட்டும் ஒருமுறை, "காசும் வாங்கமாட்டேங்கிறீங்க, எதுக்குப்பா இவ்ளோ தூரம் வந்து செய்றீங்க?" என்று விடாமல் கேட்டார். இவர் ஏணியில் நின்றபடியே, "கடவுள் உங்களை விட்டுடலன்னு சொல்றதுக்குத்தான் வந்தோம். எனக்கு வாயால சொல்லத் தெரியல, அதான் வயரை இழுக்கிறேன்" என்றார். எனக்கே அன்றைக்குக் கண் கலங்கியது. ஏணியை விட்டு இறங்கியதும் அந்தக் கிழவர் வீட்டு ஹோல்டரைத் திரும்பக் கழற்றிப் பார்த்தார், அது வேறு விஷயம்.

இந்த வருடம் போனது வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்குக் கட்டிக் கொடுத்த குடியிருப்புக்கு. கம்பம் வரைக்கும் கரண்ட் வந்து நின்றுவிட்டது; வீட்டுக்குள்ளே ஒரு முழ வயர் கிடையாது. நாலு நாளில் பதினொரு வீடு. கடைசி வீடு ஒரு சலவைக்காரம்மாவுடையது. ஆஸ்பத்திரித் துணிகள் வெளுக்கும் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. வீட்டில் அவளும் மகளும் மட்டும். மகளுக்குப் பதினாறு வயது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை, கையும் பாதிதான் சொன்னபடி கேட்கும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் உடம்பு முறுக்கிக்கொண்டு விடும். தினமும் வெந்நீரில் குளிப்பாட்டினால் நல்ல மாற்றம் தெரியும் என்று எங்கள் நர்ஸ் சொன்னாள். அதைக் கேட்டுச் சபையில் ஒருவர் தன் வீட்டுப் பழைய கெய்சரைக் கொடுத்திருந்தார்.

அந்தப் பெண்ணுக்கு வாய் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும். இவர் குளியலறையில் கெய்சரை மாட்டுகிறபோது வாசற்படியில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பேச்சை விடவேயில்லை.

"அங்கிள், தண்ணி சூடாக எவ்ளோ நேரமாகும்?"

"பத்து நிமிஷம்மா."

"நீங்க ஒரு ஸ்க்ரூவை முடுக்கறதுக்கே பத்து நிமிஷம் ஆகுது. என் கல்யாணத்துக்குள்ள குளிச்சுடுவேனா?"

இவர் சிரித்துவிட்டார். வேலை நேரத்தில் இவர் சிரித்து நான் பார்த்ததில்லை. "சாயந்திரம் அஞ்சு மணிக்கு என்னோட வெந்நீர்க் குளியல். எல்லாரையும் கூப்பிடலாம்னா, கூப்பிடுற விசேஷம் இல்லியே" என்றாள் அவள். தாய்க்காரி மட்டும் சிரிக்கவில்லை. எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் போர்வை கொடுத்தார்களாம், படம் எடுத்தார்களாம், போய்விட்டார்களாம். "படம் எடுத்து முடிச்சுட்டா சொல்லுங்க, நான் வேலைக்குப் போகணும். அரை நாள்தான் லீவு" என்று நின்றுகொண்டிருந்தாள்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். ஒரு வீட்டு வேலை முடிந்ததும் எல்லோரும் கைகோத்து அந்த வீட்டுக்காக ஜெபிப்பது எங்கள் வழக்கம். பதினோரு மணிக்குப் போதகர் எல்லோரையும் கூப்பிட்டார். நடு அறையில் வட்டமாக நின்றாயிற்று. இவர் மட்டும் குளியலறையில். நான் போய் எட்டிப் பார்த்தேன். கெய்சரின் மூடி கழன்று தொங்குகிறது, இவர் கையில் ஸ்க்ரூ டிரைவர்.

"வாங்க, எல்லாரும் கைகோத்து நிக்கிறாங்க."

"ரெண்டு நிமிஷம்."

"உங்க ரெண்டு நிமிஷம் எனக்குத் தெரியாதா? கடவுளையே காக்க வைக்கிறீங்களா? வாங்கன்னா!" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜெபம் முடிந்ததும் படம். கெய்சரோடு தாயும் மகளும் இருக்கிற மாதிரி ஒன்று எடுக்க வேண்டும் என்றார்கள். மூடி தொங்கிக்கொண்டிருந்தால் படத்தில் அசிங்கமாக இருக்காதா? இவரை வாசலில் யாரோ மீட்டரைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நானே மூடியைத் தூக்கிப் பொருத்தி, இரண்டு திருகாணிகளை முடுக்கி, முந்தானையால் துடைத்தும் விட்டேன். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை.

தொட்டிக்குத் தண்ணீர் மூன்று மணிக்கு மேல்தான் ஏறும். தண்ணீர் இல்லாமல் கெய்சரைப் போடக்கூடாது. அதனால் அதை மட்டும் போட்டுப் பார்க்கவில்லை. இவர் திரும்பி வந்து பார்த்தபோது மூடி போட்டிருந்தது; வேலையை முடித்துத் தானே போட்டதாக எண்ணிவிட்டார். கருவிகளைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

மூன்று மணிக்கு வேன் புறப்பட்டது. பாட்டுக் குழுவினர் கை தட்டிப் பாடிக்கொண்டு வந்தார்கள். ஆறு மணிக்கு எங்கள் ஆலயத்தில் கூட்டம். பயணத்தைப் பற்றிப் போதகர் பேச வேண்டும். ஒரு மணி நேரம் போயிருக்கும். பக்கத்தில் பார்த்தேன். இவர் வலது கையைக் காற்றில் வைத்துக்கொண்டு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் திருகிக்கொண்டிருந்தார். கண் எங்கோ இருந்தது.

"என்னங்க?"

"அந்தப் பச்சை வயரு. எர்த். கெய்சர்ல மாட்டினேனா?"

"ஆரம்பிச்சுட்டாரு" என்றேன் உரக்க. முன் சீட்டில் தையல்காரர் திரும்பி, "என்ன அண்ணே, இன்னொருதரமா?" என்றார். வேன் முழுக்கச் சிரிப்பு. இவர் சிரிக்கவில்லை.

"மத்த ரெண்டு வயரும் மாட்டுனது ஞாபகம் இருக்கு. இழுத்துப் பாத்தது ஞாபகம் இருக்கு. பச்சையை இழுத்துப் பாத்த ஞாபகம் வரல. ஆனா மூடியைப் போட்டுட்டேனே. மாட்டாம மூடியைப் போடமாட்டேன். அப்ப மாட்டியிருக்கணும்."

என் சிரிப்பு அப்படியே நின்றது. மூடியைப் போட்டது அவர் இல்லை, நான். அதை உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இத்தனை பேருக்கு முன்னால் என் முட்டாள்தனம் வெளியே வரும் என்ற வெட்கம். மாட்டித்தான் இருப்பார், அவர் மாட்டாமல் விட்டதே கிடையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல ஐந்து நிமிடம் ஊமையாக உட்கார்ந்திருந்தேன். அந்த ஐந்து நிமிடத்துக்கு இன்றுவரை என்னை நானே மன்னிக்கவில்லை.

இவர் எழுந்து போதகரிடம் போனார். "ஐயா, அந்தம்மாவுக்கு ஒரு போன் போடுங்க. கெய்சரைப் போட வேணாம்னு சொல்லுங்க." போதகர் போட்டார். போன் அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. அவள் கடையில் சார்ஜுக்குக் கொடுத்துவிட்டு வாங்குகிறவள். எப்போது உயிரோடு இருக்கும் அந்தப் போன்? குடியிருப்பில் வேறு யார் நம்பரும் எங்களிடம் இல்லை.

"கவலைப்படாதீங்க, நீங்க செஞ்ச வேலை தப்பாகாது. ஒரு நிமிஷம் ஜெபிப்போம்" என்றார் போதகர்.

"ஜெபம் பண்ணுங்கய்யா. ஆனா வண்டி திரும்பட்டும். அந்தக் கெய்சர் பழசு. உள்ள காயில் இன்னிக்கு நல்லா இருக்கும், என்னிக்கோ ஒரு நாள் கரண்ட் கசியும். எர்த் இருந்தா ஃபியூஸ் போகும், அவ்வளவுதான். இல்லேன்னா குழாய்ல வரும், தண்ணியில வரும். நாம சட்டுன்னு கையை உதறுவோம். அந்தப் பொண்ணால உதற முடியாதுய்யா."

வேனில் பாட்டு நின்றுபோயிற்று. போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். இந்த மனிதரின் சந்தேகத்துக்காக இதற்கு முன் இரண்டு முறை வண்டியைத் திருப்பியிருக்கிறோம், இரண்டு முறையும் எல்லாம் சரியாகவே இருந்தது. "நாளைக்குக் காலையில..." என்று அவர் ஆரம்பிக்கும்போது நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"மூடியைப் போட்டது அவர் இல்லீங்கய்யா. நான்தான். படத்துக்காகப் போட்டேன். அவரு வேலையை முடிக்கறதுக்குள்ள கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்ததும் நான்தான்."

போதகர் டிரைவர் தோளைத் தட்டி, "திருப்புப்பா" என்றார்.

திரும்புகிற வழியில் இவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பதிலுக்குப் பேசி மூச்சு விட்டிருப்பேன். "எத்தனை ஸ்க்ரூ முடுக்கினே?" என்று மட்டும் கேட்டார். "ரெண்டு" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். மணி நாலேகால். அஞ்சு மணிக்கு என் குளியல் என்று அந்தப் பெண் சொன்னது காதிலேயே நின்றது. ஆண்டவரே, அந்தம்மாவுக்கு வேலை தாமதமாகட்டும், தொட்டியில் தண்ணீர் ஏறாமல் போகட்டும், எதையாவது செய்யும் என்று முனகிக்கொண்டே வந்தேன். நாலு நாளாகத் தண்ணீருக்கும் கரண்டுக்கும் ஜெபித்த அதே வாய்.

குடியிருப்புக்குள் வேன் நுழைந்தபோது மணி ஐந்து பத்து. நிற்பதற்கு முன்பே இவர் குதித்து ஓடினார். ஐம்பத்திரண்டு வயது, முட்டி வலி வேறு. அவர் வீட்டுக்குள்ளே போகவில்லை. வாசல் சுவரில் இருந்த மெயின் சுவிட்சை முதலில் இறக்கினார். உள்ளேயிருந்து, "அம்மா! வந்த முதல் நாளே கரண்ட் போச்சு!" என்று அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. அந்தக் குரலைக் கேட்டதும் நான் வேன் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

தாய்க்காரி கையில் பக்கெட்டோடு வெளியே வந்தாள். "யாரு மெயினை இறக்கினது? நீங்களா? போகலியா நீங்க?"

"உள்ள ஒரு தடவை பாக்கணும்மா" என்றார் இவர்.

பெண் குளியலறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், தோளில் துண்டு. தாய்க்காரி அவளை நாற்காலியோடு நடு அறைக்கு இழுத்து வந்தாள். கெய்சரைப் போட்டுப் பத்து நிமிடம் ஆகிவிட்டதாம், குழாயைத் திறக்க வேண்டியதுதான் பாக்கியாம். இவர் நான் முடுக்கிய இரண்டு திருகாணிகளையும் கழற்றினார். மூடி இறங்கியது. பச்சை வயர் எதிலும் ஒட்டாமல் தனியாக நீட்டிக்கொண்டு நின்றது.

போதகர் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "நல்லவேளை, ஒண்ணும் ஆகல" என்றார்.

"ஆகலய்யா. ஆனா நான் மாட்டல." இவர் தாய்க்காரியின் பக்கம் திரும்பினார். "அம்மா, இந்த வயரை மாட்டாம போயிட்டேன். இன்னிக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. என்னிக்காவது ஷாக் அடிச்சிருக்கும். என் தப்பு."

அவளுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் கையிலிருந்த பக்கெட்டைத் தரையில் வீசினாள். "யோவ், என் பொண்ணு செத்திருப்பாளேய்யா! ஓசியில கிடைக்குதுன்னா உயிரையும் எடுப்பீங்களா? நான் கேட்டனா? உங்களை வாங்கன்னு நான் கூப்பிட்டனா?" இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவள் சொன்னதில் தப்பான வார்த்தை ஒன்று கிடையாது.

திட்டி ஓய்ந்த பிறகு இவர் பச்சை வயரை மாட்டினார். இழுத்தார். இழுத்தார். இழுத்தார். மூடியைப் போட்டார், திரும்பக் கழற்றினார், மறுபடி இழுத்தார். எங்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. மெயினை ஏற்றி, குழாயைத் திறந்து, எல்லா இடத்திலும் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். "இப்ப முடிஞ்சுதும்மா" என்றார்.

"காலையிலயும் முடிஞ்சுதுன்னுதான் சொன்னே" என்றாள் அவள். "கழட்டி எடுத்துட்டுப் போ. என் பொண்ணை நான் அதுக்குக் கீழ உக்கார வைக்கமாட்டேன்."

நாற்காலியில் இருந்த பெண் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை நேரமும் அவள் ஒன்றும் பேசவில்லை, அதுதான் என்னை உலுக்கியது.

"நான் குளிச்சுக் காட்டட்டுமா?" என்றார் இவர்.

"நீ வேணாம். எதைத் தொடணும், எதைத் தொடக்கூடாதுன்னு உனக்குத் தெரியும். எனக்கு என் பொண்ணு மாதிரி உனக்கும் யாராச்சும் இருப்பாங்கல்ல? அவங்களை நிறுத்து."

"அம்மா, அது..." என்று போதகர் தொடங்கினார். நான் குறுக்கே புகுந்தேன். "நான் இவரோட சம்சாரம். காலையில மூடியைப் போட்டதும் நான்தான், இவர் இல்ல. நானே குளிக்கிறேன்."

இவர், "இரு. இன்னொரு தரம் பாத்துடறேன்" என்றார். பார்க்கட்டும் என்று நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, எத்தனை தரம் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று நின்றேன்.

கதவைச் சாத்திக்கொண்டு கட்டிய புடவையோடே குழாய்க்குக் கீழே உட்கார்ந்தேன். வெளியில் வாய்வீரம் காட்டினேனே தவிர, உள்ளே அந்த இரும்புக் குழாயைப் பார்க்கவே பயமாக இருந்தது. எனக்குத் தெரிந்த ஜெபம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. மூன்று முறை இழுத்தாரே, மூன்று முறை இழுத்தாரே என்று மட்டும் மனது சொல்லிக்கொண்டிருந்தது. இந்த மனிதரோடு இருபத்தைந்து வருடம் வாழ்ந்திருக்கிறேன். அவர் கைமீது என் உயிரை வைத்துப் பார்த்தது அப்போதுதான். கையை நீட்டித் திறந்தேன்.

தலையில் வெந்நீர் கொட்டியது. "சூடா இருக்கு!" என்று கத்தினேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "நல்ல சூடுங்க! பொறுக்கிற சூடு!"

கதவைத் திறந்தபோது தாய்க்காரி துண்டோடு நின்றாள். தலை முதல் கால்வரை என்னை ஒரு பார்வை பார்த்தாள். துண்டை நீட்டிவிட்டு, மகளின் பின்னலை அவிழ்க்க ஆரம்பித்தாள். இரண்டு முறை ரிப்பனைத் தவறவிட்டாள். இவரைப் பார்க்காமலே, "வாசல்ல போய் அந்த மெயின்கிட்ட நில்லு. நாங்க முடிக்கற வரைக்கும் கையை எடுக்காதே" என்றாள்.

இவர் போய் நின்றார். ஈரப் புடவையில் துண்டைப் போர்த்திக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். கூட்டத்துக்கு மணியாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. எல்லோரும் வேனை விட்டு இறங்கித் தெருவிலேயே நின்றார்கள். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அந்தப் பெண் ஏதோ சொல்ல, தாய் அதட்ட, மறுபடி தண்ணீர். இவர் நெற்றியில் வியர்வை வழிந்து கண்ணில் இறங்கியது. அதைத் துடைக்கக்கூட கையை எடுக்கவில்லை.

திடீரென்று உள்ளே வீல் என்று ஓர் அலறல்.

இவர் மெயினை அடித்து இறக்கினார். வீடு இருண்டது.

"அங்கிள்!" என்றது அந்தப் பெண்ணின் குரல், இருட்டுக்குள்ளிருந்து. "கண்ணுல சோப்பு போனாக்கூட கரண்டை எடுத்துடுவீங்களா?"

பிறகு தாயின் குரல் கேட்டது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"அண்ணே, ஒண்ணுமில்ல. ரெண்டு பேரும் நனைஞ்சுதான் இருக்கோம். பரவால்ல, போடுங்க."

இவரால் முடியவில்லை. நான் என் கையை அவர் கைமேல் வைத்தேன். இருவரும் சேர்ந்து போட்டோம்.